நிறம் மாறி வந்திட்டுது

எனக்குப் பொறுமை கிடையாது. பேருந்துக்காக நின்றால், அது வரும்வரை நிற்க முடியாமல் அடுத்த நிறுத்தத்தை நோக்கி நடக்கத் தொடங்கிவிடுவேன். இரண்டு நிறுத்தங்களுக்கும் நடுவில் போய்க்கொண்டிருக்கும்போது பேருந்து என்னைக் கடந்து போகும். அதன் முதுகைப் பார்த்துத் திட்டுவேன். மொன்ட்ரியால்-நோரில் நாங்கள் இருந்த தெருவில் இது வாராவாரம் நடந்தது. இப்படிப்பட்ட ஒருத்திக்குக் கடவுள் பார்த்து எடுத்துக் கொடுத்த வேலை, கணினி ஒரு கோப்பைக் கட்டி முடிக்கும்வரை மணிக்கணக்காகக் காவல் இருக்கிற வேலை.

இரண்டாயிரங்களின் பிற்பகுதி அது. சென்ட் லோரன்டில் ஒரு களஞ்சியத்தின் பின்பக்கம், வாடகைக்கு எடுத்த இரண்டு அறைகளில் எங்கள் கம்பனி இருந்தது. கம்பனி என்று சொன்னால் முதலாளி, இடைக்கிடை வந்து கணக்குப் பார்க்கும் அவருடைய மனைவி, பிறகு நான். முதலாளி கெபெக் பிரெஞ்சுக்காரர். இரும்பு, பட்டி, மோட்டார் எல்லாம் அவருடைய பாடு. இயந்திரத்தின் கண் என்னுடைய பாடு. அந்த வருடம் கிரான்பெரிப் பழங்களைத் தரம் பிரிக்கிற இயந்திரம் ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். பழங்கள் பட்டியில் ஓடிவரும். மேலே இருக்கிற கமரா அவற்றைப் பார்க்கும். சிவந்த பழத்தைப் போகவிட்டு, வெளிறின பழத்தைக் காற்றால் ஊதித் தள்ளவேண்டும்.

முதலாளி ஒளிவுமறைவு இல்லாத ஆள். அறுவடைக்கு முன்பு இந்த இயந்திரம் தோட்டத்துக்குப் போகாவிட்டால் தோட்டக்காரர் வேறு யாரிடமாவது வாங்குவார், நான் கதவைப் பூட்டவேண்டியதுதான், நீயும் வேறு இடம் பார்த்துக்கொள் என்று கோடை தொடங்கும்போதே சொல்லிவிட்டார். வேறு இடம் பார்க்க எனக்கு நேரம் இருக்கவில்லை. அம்மா மன்னாரிலிருந்து வெளிக்கிட்டு வந்து, கொழும்பில் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறையில் காத்திருந்தார். நான்தான் அவரை இங்கே கூப்பிட ஸ்பொன்சர் செய்திருந்தேன். அலுவல் முடியும்வரை ஸ்பொன்சர் செய்தவளுக்கு வேலை இருக்கவேண்டும். என் வேலை நின்றால் அம்மாவின் வரவும் நின்றுபோகும். சண்டை நடந்த அந்தக் காலத்துக் கொழும்பில் ஒரு தமிழ்க் கிழவி லொட்ஜில் தனியே இருப்பதென்றால் என்னவென்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பொலிஸ் வந்து கதவில் தட்டும்போதெல்லாம் அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு எழும்பி நிற்கவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் டெலிபோனில் அம்மாவுக்குக் கோல் எடுப்பேன். மற்ற அம்மாமார் எடுத்தவுடன் சாப்பிட்டியோ என்று கேட்பார்கள். என்னுடைய அம்மா கேட்பது வேறு.

"வேலை இருக்கோ பிள்ளை?"

"ஓம் அம்மா, இருக்கு."

"அந்தோனியாரே," என்று ஒரு மூச்சு விடுவார். பிறகுதான் மற்றக் கதையெல்லாம்.

கமராப் பலகையை, கண்டத்தின் மறுபக்கம் மேற்குக் கரையில் இருந்த ஒரு சிறிய கம்பனியிடம் வாங்கியிருந்தோம். பலகையின் நடுவில் எஃப்.பி.ஜி.ஏ. என்கிற சில்லு. அது கடையிலிருந்து வெறுமையாக வரும். உள்ளே எதை எதனோடு இணைப்பது என்று ஒரு கோப்பை எழுதி ஏற்றினால்தான் அதற்கு உயிர். அந்தக் கோப்பையும் விற்றவர்களே முன்கூட்டிக் கட்டி அனுப்பியிருந்தார்கள். ஏற்றவேண்டியது, ஓட்டவேண்டியது, அவ்வளவுதான் என்றார்கள். நானும் நம்பினேன். முதல்நாள் ஒரு பை கிரான்பெரியைக் கடையில் வாங்கிவந்து பட்டியில் கொட்டி ஓடவிட்டோம். திரையில் பழங்கள் வந்தன. எல்லாம் நல்ல நீல நிறம்.

முதலாளி திரைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"புளூபெரி," என்றார். "நான் கிரான்பெரிக்கு இயந்திரம் கேட்டேன். நீ எனக்குப் புளூபெரி காட்டுகிறாய்."

அதற்குள் காற்றுக் குழாய்கள் வேலை செய்யத் தொடங்கிவிட்டன. கமராவுக்குச் சிவப்பே தெரியாததால் நல்ல பழம் அத்தனையையும் ஊதி எறிந்தன. அறை முழுக்கப் பழம். ஒன்று முதலாளியின் மூக்குக் கண்ணாடியில் பட்டது. "தபர்நாக்!" என்று கத்தினார். கெபெக்காரர் கொதி வந்தால் கோயில் சாமான்களின் பெயரைச் சொல்லித்தான் திட்டுவார்கள். அது நற்கருணைப் பேழை. மன்னார்க் கத்தோலிக்கப் பிள்ளையான எனக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் ஒருக்கால் சிலுவை போடக் கை எழும்பும். அன்று கை எழும்பவில்லை. வாய்க்குள் நானும் அதையே சொன்னேன்.

கமராவின் கண்ணை, விற்றவர்கள் இடையில் வேறு வகைக்கு மாற்றியிருந்தார்கள். புதிய கண் நிறங்களை வேறு ஒழுங்கில் அனுப்பியது. கோப்பு இன்னும் பழைய ஒழுங்கையே நம்பிக்கொண்டிருந்தது. சின்ன விஷயம். ஆனால் எதைப் போகவிடுவது, எதை ஊதுவது என்ற தீர்ப்பும் அதே சில்லுக்குள் இருந்ததால் வெளியே நின்று என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கட்டி முடித்த கோப்பு தைத்து முடித்த சட்டை மாதிரி. கை நீளம் பிழை என்றால் துணியும் அளவும் வேண்டும். இங்கே துணியும் அளவும் என்பது மூலக்கோப்புகள். அவை மேற்குக் கரையில் இருந்தன.

அங்கே அலுவலகம் திறக்கும்போது எங்களுக்கு மத்தியானம் ஆகிவிடும். காலை முழுவதும் கதிரையில் இருக்க முடியாமல், களஞ்சியத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். மத்தியானம் கோல் எடுத்தேன். எடுத்தவர் ஆங்கிலத்தில் என் பெயரைக் கேட்டார். சொன்னேன்.

"மேடம், நீங்க தமிழா?"

கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். "ஓம்! ஓம்! நீங்கள்?"

"சென்னை மேடம். நீங்க ஸ்ரீலங்காவா? உங்க தமிழ் கேக்க ரொம்ப அழகா இருக்கு."

"அழகு கிடக்கட்டும் அண்ணை, எனக்கு ஃபைல் வேணும்."

அவர் சிரித்தார். அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் ஆங்கிலத்தை விட்டுவிட்டோம். வேலை இடத்தில் நான் பிரெஞ்சில் தடுமாறுவேன், ஆங்கிலத்தில் சமாளிப்பேன். தொழில் விஷயத்தைத் தமிழில் கதைத்தது அன்றுதான் முதல் தடவை. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம், அப்படி ஒரு புளுகம். இனி எல்லாம் மளமளவென்று நடக்கும் என்று நினைத்தேன். அந்த இடத்தில்தான் சனியன் வந்து குந்தியது.

மூலக்கோப்பைக் கொடுக்க மேலிடத்தின் அனுமதி வேண்டும் என்றார். அதுவரை நிற ஒழுங்கை மாற்றிக் கட்டின இன்னொரு கோப்பை அனுப்புவதாகச் சொன்னார். அது அடுத்த நாளே வந்தது. ஏற்றி ஓடவிட்டேன். பழங்கள் நீலமாக வரவில்லை. பச்சையாக வந்தன. புளூபெரி போய் நெல்லிக்காய். முதலாளி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

உடனே கோல் எடுத்தேன். ஆள் இல்லை. பதிவுக் குரல்தான். எனக்கு இருந்த அந்தரத்தில் ஒரே மூச்சில் சொன்னேன்:

"அண்ணை, நீங்கள் அனுப்பினதைப் போட்டுப் பாத்தன். நிறம் மாறி வந்திட்டுது. இங்கை ஒருத்தருக்கும் நேரம் இல்லை. கெதியா ஒருக்கா எடுங்கோ."

பிறகு காத்திருந்தேன்.

என்னைக் காத்திருக்க வைப்பதும் பூனையைக் குளிப்பாட்டுவதும் ஒன்று. அன்று பதில் இல்லை. அடுத்த நாளும் இல்லை. மின்னஞ்சல் போட்டேன். செய்தி கிடைத்தது, நன்றி என்று ஓர் இயந்திரப் பதில். மறுபடியும் கோல் எடுத்தேன், மறுபடியும் பதிவுக் குரல். சொன்னதையே மிஷினுக்கு இரண்டாம் தரம் சொல்ல என் வாய் வராது. ரிசீவரை வைத்த வேகத்தில் முதலாளியின் மனைவி எட்டிப் பார்த்தார். வாரம் ஒன்று போனது. காலையில் பேருந்துக்கு நிற்கும்போது மூச்சுப் புகையாக வரத் தொடங்கிவிட்டது. தோட்டக்காரர் கோல் எடுத்து, வயலுக்குத் தண்ணீர் விடப்போகிறோம் என்றார். கிரான்பெரி வயலில் தண்ணீரை நிரப்பி, மிதந்து வருகிற பழத்தைத்தான் அள்ளுவார்கள். தண்ணீர் விட்டால் அறுவடை தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

வீட்டிலும் நான் ஓர் இடத்தில் இருக்கவில்லை. சோற்றை அடுப்பில் வைத்துவிட்டுக் கணினியைப் பார்க்கப் போவேன். சோறு கரியும். கணினியில் ஒன்றும் வந்திராது. என் அவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"நீர் அந்தப் பலகையைக் கலியாணம் கட்டியிருக்கலாம். எனக்கும் கரியாத சோறு கிடைச்சிருக்கும்."

"அதுக்காவது நான் சொல்லுறது விளங்கியிருக்கும்," என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா வழக்கம்போலக் கேட்டார். வேலை இருக்கோ பிள்ளை? ஓம் அம்மா, இருக்கு என்றேன். பொய் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை வேலை இருந்ததுதான். பக்கத்து அறைக்காரியை விசாரிக்கவென்று கூட்டிக்கொண்டு போனவர்கள் இன்னும் திருப்பி விடவில்லை என்று அம்மா சொன்னார். பிறகு, அங்கே குளிர் தொடங்கிவிட்டதா, காதை மூடிக்கொண்டு போகிறாயா என்று கேட்டார். கதைத்து முடித்து வைத்தபிறகு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பயம்தான். வேறொன்றும் இல்லை.

திங்கட்கிழமை, மேற்குக் கரை விழிக்கிற நேரம் பார்த்து மறுபடி எடுத்தேன். இந்தத் தடவை ஆளே எடுத்தார். குரலில் என்ன சந்தோஷம்!

"மேடம்! எப்படி இருக்கீங்க? மெஷின் நல்லா ஓடுதா?"

"என்ன ஓடுறது? என்ன கோதாரிக்கு நீங்கள் எனக்கு மறுமொழி சொல்லேல்லை? ஒரு கிழமையா இங்கை நான் விசர் பிடிச்சுத் திரியிறன்!"

"மேடம், மேடம், ஒரு நிமிஷம். பிரச்சினை சரியாயிடுச்சுல்ல? நீங்கதானே மெசேஜ் போட்டீங்க?"

"நான் எப்ப சரி எண்டு சொன்னனான்?"

"நிறம் மாறி வந்துடுச்சுன்னு சொன்னீங்களே. தப்பா இருந்த நிறம் மாறிடுச்சு. சந்தோஷமா இருந்துச்சு. அப்புறம் எடுங்கன்னீங்க. அதான் உங்க புகாரை லிஸ்ட்லேர்ந்து எடுத்துட்டேன். எடுத்ததுக்கு அப்புறம் நீங்க போட்ட மெயில் எதுவும் எங்க கண்ணுல படாது."

ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

எங்கள் ஊரில் ஒன்று மாறி வந்தால் பிழையாக வந்துவிட்டது என்றுதான் அர்த்தம். ஒருவருடைய செருப்பை மாறிப் போட்டுக்கொண்டு போவது, மருந்தை மாறிக் குடிப்பது, எல்லாம் அந்த மாறிதான். எடுங்கோ என்றால் கோல் எடுங்கோ. இதில் விளங்காமல் போவதற்கு என்ன இருக்கிறது?

"மாறி எண்டால் பிழையா எண்டு அண்ணை!" என்று கத்தினேன். "எடுங்கோ எண்டால் எனக்குக் கோல் எடுங்கோ எண்டு!"

"எங்க ஊர்ல மாறினா மாறினதுதான் மேடம்," என்றார் பாவம் போல. "ஃபோன் பண்ணுங்கன்னு சொல்லியிருந்தா நான் பண்ணியிருப்பேனே."

பக்கத்து அறையில் முதலாளி கதவை மெதுவாகச் சாத்துவது கேட்டது. எனக்குக் கொதி தலைக்கு மேல் நின்றது. ஆனால் யார் மேல் ஊற்றுவது? அவரும் தமிழைத்தான் கேட்டார். நானும் தமிழைத்தான் சொன்னேன். அந்த நாசமாய்ப்போன ஆங்கிலத்தில் ஒரு வரி சொல்லியிருந்தால் இந்த ஒரு கிழமை மிஞ்சியிருக்கும். சிரிப்பு எங்கிருந்தோ வந்தது. அவரும் சிரித்துவிட்டார். பிறகு நான், அண்ணை, சிரிக்கிற நேரம் இல்லை, வயலுக்குத் தண்ணி விடப்போகினம், இது பிழைச்சால் என்ரை அம்மா வரமாட்டா என்று சொன்னேன். அம்மாவைப் பற்றி அவரிடம் அதுவரை ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. ஏன் சொன்னேன் என்று தெரியாது. தமிழில் கதைத்தால் இப்படித்தான், வராத கதையெல்லாம் வரும்.

"அம்மா எங்க இருக்காங்க மேடம்?" என்று கேட்டார். சொன்னேன். "ரெடிமேட் ஃபைல் இனி வேண்டாம். மூலத்தையே வாங்கித் தர்றேன். நான் போய் எங்க மேனேஜர் ரூம் வாசல்லயே நிக்கிறேன்," என்றார்.

நின்றிருக்கிறார். அன்று பின்னேரமே மூலக்கோப்புகள் வந்துவிட்டன.

நிற ஒழுங்கைத் திருத்துவது ஒரு வரி வேலை. அந்த ஒரு வரிக்காக முழுவதையும் முதலிலிருந்து திரும்பக் கட்டவேண்டும். கட்டிடம் கட்டுகிற மாதிரி கணினி மணிக்கணக்காய் நேரம் எடுக்கும். அடுத்த நாள் காலையில் தொடங்கிவிட்டேன். எழும்பி நடந்தேன். இருந்தேன். கோப்பி குடித்தேன். முதலாளி வந்து பார்த்தார், போனார், வந்து பார்த்தார். பத்து மணிபோலக் கணினி திடீரென்று நின்றது. தலையும் வாலும் இல்லாத ஒரு பிழைச் செய்தி. மறுபடி தொடங்கினேன். மத்தியானம் அதே இடத்தில் நின்றது.

கோல் எடுத்தேன்.

"மேடம், ஃபோல்டர் பேர்ல இடைவெளி, வேற மொழி எழுத்து ஏதாவது இருக்கா? அந்த டூலுக்கு அதெல்லாம் ஆகாது."

"இல்லை. எல்லாம் சாதாரண எழுத்து."

"நிச்சயமா?"

"எனக்கு வாசிக்கத் தெரியும் அண்ணை."

"கோவிச்சுக்காதீங்க. ஒவ்வொரு எழுத்தா படிங்க பாப்போம்."

அந்த ஃபோல்டரை உண்டாக்கியவர் முதலாளி. பெயர் ரெக்கோல்ட். பிரெஞ்சில் அறுவடை. படிக்கத் தொடங்கினேன். "ஆர். பிறகு ஈ. தலையிலை ஒரு கோடு இருக்கு. பிறகு சி…"

"நிறுத்துங்க. தலையில கோடா?"

"ஓம். சின்னக் கோடு."

"மேடம்! அதுதான் மேடம் வேற மொழி எழுத்து!"

திரையைப் பார்த்தேன். அந்த எழுத்து தலையில் கோட்டோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. மெட்ரோவில், மின்சார பில்லில், மூலைக்கடைக் கதவில் என்று நாள்தோறும் பார்த்துப் பார்த்து, அது வேறு மொழி என்பதே என் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. இந்த ஊர் எனக்குப் பிடிபடவே இல்லை என்று அதுவரை எல்லோரிடமும் புலம்பிக்கொண்டு திரிந்தவள் நான்.

ஃபோல்டருக்கு உடனே வேறு பெயர் வைக்கவேண்டும். யோசிக்கவில்லை. கை தானாக ஆங்கில எழுத்தில் அம்மா என்று அடித்தது. மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினேன்.

மத்தியானத்துக்குப் பிறகு முழுவதும் முதலாளி கதவில் தலையை நீட்டி, "அமா முடிந்ததா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். இல்லை, அமா இன்னும் வந்துகொண்டிருக்கிறாள் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவருடைய மனைவி, யார் அந்த அமா என்று விசாரித்தார். என் தாய் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுக் கணக்குக்குத் திரும்பினார். நின்று பார்த்தால் ஓடாது என்று தெரிந்தும், திரைக்கு முன்னால் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

வெளியே வெளிச்சம் குறையத் தொடங்கின நேரம் முடிந்தது. கோப்பை ஏற்றினேன். முதலாளி மிச்சமிருந்த பழங்களைப் பட்டியில் கொட்டினார். அவை அதற்குள் சுருங்கத் தொடங்கியிருந்தன. என்றாலும் திரையில் சிவப்பாக வந்தன. வெளிறினதை மட்டும் காற்று ஊதி எறிந்தது. முதலாளி, "தபர்நாக்," என்று மெதுவாகச் சொன்னார். செபம் சொல்கிற மாதிரி இருந்தது. மேற்குக் கரைக்குக் கோல் எடுத்தேன். "சரியா வந்திட்டுது" என்று சொல்லிவிட்டு, ஒரு பாதுகாப்புக்கு அதையே ஆங்கிலத்திலும் சொன்னேன்.

தோட்டக்காரர் வயலுக்குத் தண்ணீர் விட்டபோது இயந்திரம் அவருடைய கொட்டகையில் இருந்தது. கம்பனியின் கதவு பூட்டப்படவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா கேட்க முதலே சொன்னேன்.

"அம்மா, வேலை இருக்கு. இனிப் போகாது."

"எனக்குத் தெரியும் அது போறமாதிரி இருந்ததெண்டு," என்றார். "ஒவ்வொருக்காவும் ஓம் சொல்ல முதல் ஒரு மூச்சு எடுப்பாய். நான் கேக்கிறேல்லை எண்டு நினைச்சியோ?"

அம்மா அடுத்த வருடம் வந்தார். டோர்வல் விமான நிலையத்தில், கண்ணாடிக் கதவு திறக்கும்போதெல்லாம் நான் முன்னால் ஓடினேன். ஒவ்வொரு தடவையும் வேறு யாரோ வந்தார்கள். என் அவர் என்னுடைய கோட்டின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டே நின்றார். கடைசியில் அம்மா வந்தார். அவ்வளவு சின்ன ஆளாக இருப்பார் என்று நான் நினைத்திருக்கவில்லை. கட்டிப் பிடித்தேன். என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்துவிட்டு, "வேலை இருக்கோ?" என்று கேட்டார்.

"ஓம் அம்மா," என்றேன். மூச்சு எடுக்காமல் சொன்னேன்.

கார்த் தரிப்பிடத்தில் பெட்டியைத் தூக்கப் போன என் அவர், அதன் கைப்பிடியில் கட்டியிருந்த பெயர்த்துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மாமி, இது உங்கடை பெட்டியோ?"

அம்மா கிட்டப் போய்ப் பார்த்தார். கையை வாயில் வைத்தார்.

"ஐயோ அந்தோனியாரே! தம்பி, மாறி எடுத்திட்டன் போலை கிடக்கு!"

எனக்கு வந்த சிரிப்பில் காரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்தரப்பட்டுக்கொண்டு, யாரோ பாவம், அவர்களின் சாமான், திருப்பிக் கொண்டுபோய்க் கொடு பிள்ளை என்று என்னை இழுத்தார். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று எனக்குத் தெரியாது. என் அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அம்மாவிடம் சொன்னார்:

"பெட்டி மாறினால் மாறட்டும் மாமி. ஆள் மாறி வரேல்லை."

மூன்று பேரும் அந்தப் பெட்டியை உருட்டிக்கொண்டு திரும்ப உள்ளே போனோம்.